பனடோல்: நாம் இழக்கக் கூடாத எட்டு மணித்தியாலம்



நம் லயங்களில் 'மருந்து' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. டிஸ்பென்சரியில் வாங்கி வருவது மருந்து. மலையில் புல்லுக்கு அடிப்பதும் மருந்து. வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு யாராவது எதையாவது விழுங்கிவிட்டால், "அந்தப் புள்ள மருந்து குடிச்சிருச்சி" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறோமே, அதுவும் மருந்துதான். சம்பளம், காணி, வீடு, சேமலாப நிதி என்று எல்லாவற்றையும் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதும் நாம், மூன்றாவது மருந்தைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். "அது அவங்க வீட்டு விஷயம்" என்று ஒதுங்கியது இன்னொரு காரணம். இந்த இதழில் அந்த மௌனத்தை உடைக்கிறோம். உடைக்காவிட்டால் இன்னும் சில பிள்ளைகளை நாம் இழக்க வேண்டிவரும்.

கண்டி மாவட்டத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், டிவிஷனும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம் கைத்தொலைபேசி விஷயமாக அண்ணனோடு சண்டை. அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் இருந்த பனடோல் குளிசைகளை விழுங்கிவிட்டாள். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வரும்போது பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். தங்கச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "சத்தம் போடாத, அடுத்த காம்பராவுக்குக் கேக்கும். பனடோல்தானே, தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றார் தகப்பன். சவுக்காரத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளை எழும்பித் தேத்தண்ணி குடித்தாள், ரொட்டி சாப்பிட்டாள், அண்ணனோடு சிரித்துப் பேசினாள். எல்லோருக்கும் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை வலது பக்க விலாவுக்குக் கீழே நோவு என்றாள். திங்கட்கிழமை கண் மஞ்சளாகியிருந்தது, பேச்சும் தடுமாறியது. அன்றைக்குத்தான் லொறி தேடினார்கள். வியாழக்கிழமை அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது மலையில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை.

அந்தத் தகப்பன் கெட்டவர் அல்ல. பிள்ளையை உயிருக்கு மேலாக நேசித்தவர். தெரியாமல் செய்தார். வெள்ளிக்கிழமை இரவே அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்பதை அவருக்கு யாரும் அதற்கு முன்னர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.

பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பரசிட்டமோல். சரியான அளவில் எடுத்தால் இதைவிடப் பாதுகாப்பான நோவு மருந்து குறைவு. காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் உலகம் முழுவதும் இதைத்தான் கொடுக்கிறார்கள். அளவு மீறினால் கதை வேறு. நாம் விழுங்கும் பரசிட்டமோலை ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. உடைக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு நஞ்சாக மாறும். அந்த நஞ்சை அடக்குவதற்கு ஈரலிலேயே குளுட்டதயோன் என்ற பொருள் இருப்பில் உண்டு. குளிசை அளவோடு இருந்தால் இருப்பு போதும். ஒரேயடியாக நிறையப் போனால் இருப்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்த நஞ்சு ஈரலையே அரிக்கத் தொடங்கும்.

இதில் நம்மை ஏமாற்றுவது நேரம். முதல் நாள் வாந்தி, குமட்டல் வரும், சில பேருக்கு அதுவும் வராது. இரண்டாம் நாள் ஆள் தேறிவிட்டதைப் போலத் தெரியும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் கண் மஞ்சளாகும், இரத்தம் உறையாமல் கசியும், நினைவு தடுமாறும். நாம் பயந்து ஓடுவது அந்த மூன்றாம் நாள். வைத்தியம் மிக நன்றாகப் பலிப்பதோ முதல் நாள்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்பது அதன் பெயர். வைத்தியர்கள் சுருக்கமாக என்.ஏ.சி. என்பார்கள். ஈரலில் தீர்ந்துபோன இருப்பை அது மறுபடி நிரப்புகிறது. 1970களில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்து வைத்தியர்கள் இதைச் சேலைனோடு நரம்பில் ஏற்றிப் பலன் கண்டார்கள். இன்று உலகம் முழுவதும் இதுதான் சிகிச்சை. குளிசை விழுங்கி 8 மணித்தியாலத்துக்குள் இதை ஏற்றத் தொடங்கினால் ஏறத்தாழ எல்லோருமே ஈரல் கெடாமல் தப்பிவிடுகிறார்கள். 8 மணித்தியாலம் தாண்டியவர்களுக்கும் இது உதவும், ஈரல் பாதிக்கப்பட்ட பின்னும் உதவும். ஆகவே "நேரம் போய்விட்டது, இனி எதற்கு" என்று எவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஆனால் போகும் ஒவ்வொரு மணித்தியாலத்தோடும் அதன் பலம் குறையும். நம் பிள்ளைகளைக் காப்பதற்கும் இழப்பதற்கும் இடையில் நிற்பது அந்த 8 மணித்தியாலம்தான்.

நாட்டின் பழைய கதை ஒன்றையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் வயல், தோட்டங்களில் அடிக்கும் நஞ்சுகள். அரசாங்கம் மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1995இல் தடை செய்தது. 1998இல் எண்டோசல்பான் தடை செய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், பென்தியோன், பராக்குவாட் ஆகியன படிப்படியாக நிறுத்தப்பட்டன. பராக்குவாட் என்றால் பல பேருக்கு விளங்காது, கிரமக்சோன் என்றால் மலையில் புல்லுக்கு அடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இந்தத் தடைகளுக்குப் பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 வீதத்துக்கு மேல் குறைந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இப்படிக் காக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டுகளில் வீடுகளில் சண்டை குறைந்துவிடவில்லை, கடன் தீர்ந்துவிடவில்லை. ஆத்திரத்தில் கை நீட்டும் இடத்தில் உயிரைக் குடிக்கும் நஞ்சு இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஆத்திரம் தணிந்த பிறகு அந்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்.

கிருமிநாசினி குறைந்த இடத்துக்குக் குளிசை வந்து சேர்ந்தது. இன்று நம் நாட்டு வைத்தியசாலைகளில் மருந்துக் குளிசைகளை அளவு மீறி விழுங்கி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் விழுங்குவதில் முதலிடம் பரசிட்டமோலுக்கு. பேராதனை போதனா வைத்தியசாலைக்கு வந்தவர்களிடம் பேசி, மனநல வைத்தியர் திலினி ராஜபக்ஷவும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். பலர் வீட்டாரோடு, காதலரோடு, கணவனோடு அப்போதுதான் சண்டை பிடித்தவர்கள், ஆத்திரத்தில் கணப்பொழுதில் செய்தவர்கள். சாக வேண்டும் என்று நாள் கணக்காகத் திட்டம் போட்டவர்கள் அவர்களில் குறைவு.

இதையும் பனடோலின் நான்கு நாள் கதையையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆத்திரம் ஒரு மணித்தியாலத்தில் தணிந்துவிடும். அடுத்த நாள் பிள்ளை வாழ ஆசைப்படுகிறாள், பரீட்சையைப் பற்றிப் பேசுகிறாள். ஈரல் மட்டும் நேற்றைய ஆத்திரத்துக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. "அவளுக்குச் சாக எண்ணம் இல்லை, சும்மா மிரட்டினாள்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எண்ணம் என்னவாக இருந்தாலும் குளிசை ஒரே வேலையைத்தான் செய்யும்.

ஹந்தானை மலையின் மேலே ஏறி நின்றால் கீழே பேராதனை தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் நஞ்சுண்டவர்களின் சிகிச்சையைப் பற்றி உலகம் முழுவதும் மதிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு இயங்குவது அங்கேதான். பேராசிரியர் இந்திக கவரம்மன போன்றவர்கள் இதற்காகவே உழைக்கிறார்கள். இலங்கையின் நோயாளிகளிடம் படித்ததை வைத்து வேறு நாடுகளில் வைத்தியம் செய்கிறார்கள். அந்த அறிவு நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. மலையிலிருக்கும் நம் பிள்ளை 8 மணித்தியாலத்துக்குள் அங்கே போய்ச்சேர முடியவில்லை என்றால் தடையாக நிற்பது எது? நாங்கள் எண்ணிப் பார்த்தோம்.

முதலாவது வெட்கம். அடுத்த காம்பராவுக்குத் தெரிந்தால் மகளுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம். லயத்தில் இரகசியம் என்று ஒன்று இருக்கிறதா, தோழர்களே? மூன்றாம் நாள் எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது. பிள்ளை உயிரோடு இருக்கும்போது தெரிவது மேல்.

இரண்டாவது பொலிஸ் பயம். தற்கொலைக்கு முயல்வது ஒரு காலத்தில் இந்த நாட்டில் குற்றம். அந்தச் சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. வைத்தியசாலையில் இருக்கும் பொலிஸார் வந்து விசாரித்து எழுதிக்கொள்ளலாம். அதற்காக ஒருவரையும் சிறையில் போட முடியாது, வழக்குப் போட முடியாது. இந்தச் சட்டம் மாறியது கூடத் தெரியாமல் இன்றும் "கேஸ் ஆயிரும்" என்று மறைக்கிறோம்.

மூன்றாவது வாகனம். மேட்டு டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு வரவே ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டிய தோட்டங்கள் நம்மிடம் உண்டு. இரவில் லொறி வேண்டுமென்றால் துரையைக் கேட்க வேண்டும், துரை இல்லையென்றால் கணக்கப்பிள்ளையைக் கேட்க வேண்டும், டிரைவர் எங்கே என்று தேட வேண்டும். அதற்குள் விடிந்துவிடும்.

நான்காவது கூலி. நோயாளியோடு ஒருவர் போனால் அவருடைய பேர் போய்விடும். இரண்டு நாள் வைத்தியசாலையில் நின்றால் மாதக் கணக்கில் ஓட்டை விழும். தாய்மார் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள்.

ஐந்தாவது, "பனடோல்தானே" என்ற எண்ணம். நம் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் காய்ச்சலுக்கும் அதே குளிசை, இடுப்பு நோவுக்கும் அதே குளிசை, கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்த தலையிடிக்கும் அதே குளிசை என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். நோவோடு மலைக்குப் போய் நிறையை எடுப்பதற்காகக் காலையில் இரண்டு, பகலில் இரண்டு, இரவில் இரண்டு என்று தினமும் போடும் சகோதரிகளை நமக்குத் தெரியும். தினமும் கையில் இருக்கும் ஒன்று உயிரை எடுக்கும் என்று யார் நம்புவார்?

அந்தச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 500 மில்லிகிராம் குளிசை என்றால் வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் நான்கு முதல் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். 50 கிலோவுக்குக் குறைந்த உடம்பு என்றால் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும், எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். நம் பெண்களில் எத்தனை பேர் 50 கிலோவைத் தொடுகிறார்கள்? சரியாகச் சாப்பிடாத உடம்புக்கும், தினமும் சாராயம் குடிக்கும் உடம்புக்கும் ஆபத்து இன்னும் கூட. தடிமனுக்கு விற்கும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது. பனடோலையும் அதையும் சேர்த்துப் போட்டால் தெரியாமலே அளவு கூடிவிடும். வேண்டுமென்று விழுங்காதவர்களும் இப்படி ஈரலைக் கெடுத்துக்கொள்வதுண்டு. பிள்ளைகளுக்கு வயதையும் நிறையையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இனி, வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது?

எத்தனை குளிசை என்று எண்ணிக்கொண்டு, "கொஞ்சம்தானே" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது வைத்தியரின் வேலை. வாந்தி எடுக்கவைப்பதற்காகச் சவுக்காரத் தண்ணீர், உப்புத் தண்ணீர், சாணக் கரைசல் என்று எதையும் கொடுக்காதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போனால் அதுவே ஆளைக் கொல்லும். வெறும் அட்டை, போத்தல், கடதாசி எது கிடந்தாலும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதை விசாரித்துக் கையிலே எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு அந்த மணி மிக முக்கியம். வேறு குளிசையோ புல் மருந்தோ சாராயமோ சேர்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. பணம் எதுவும் இல்லை. வாகனம் ஏற முடியாத பாதை என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்குங்கள், எந்த இடத்தில் நிற்பீர்கள் என்பதைத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லுங்கள். ஓட்டோ முன்னதாகக் கிடைத்தால் ஓட்டோவில் போங்கள். நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி, எது கிட்டவோ அங்கே போங்கள். கூடுதல் சிகிச்சை வேண்டுமென்றால் அங்கிருந்து அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

வைத்தியசாலையில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததால் இடையில் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தால் குடிப்பதற்குக் கரித் தூள் கரைசல் கொடுக்கலாம். அது வயிற்றில் மிச்சம் இருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் எவ்வளவு பரசிட்டமோல் இருக்கிறது என்று சோதிக்க வசதியுள்ள இடங்களில், விழுங்கி 4 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் இரத்தம் எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் கணக்குப் பிழைக்கும். "வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒண்ணும் செய்யல" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மாற்று மருந்தைச் சேலைனோடு மெதுவாக ஏற்ற வேண்டும். வழக்கமான முறையில் ஏறத்தாழ 21 மணித்தியாலம் ஆகும். ஏற்றும்போது சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும், மூச்சு முட்டும். உடனே தாதியிடம் சொல்லுங்கள், சரிசெய்துகொண்டு மறுபடி ஏற்றுவார்கள். இரண்டாம் நாள் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று கையொப்பம் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த இரண்டாம் நாள் எப்படி ஏமாற்றும் என்று மேலே சொன்னோம்.

இதைச் சரியாகச் செய்த ஒருவரின் கதையையும் சொல்கிறோம். இன்னொரு தோட்டம். கணவனோடு வாய்த்தர்க்கப்பட்ட இளம் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமி கானுக்குள் வெறும் பனடோல் அட்டைகள் கிடப்பதைப் பார்த்தார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எந்திரி புள்ள, நட" என்று கையைப் பிடித்து வீதிக்கு இறக்கினார். கணவனை ஓட்டோ பிடிக்க விரட்டினார். பிள்ளைகளை மற்றொரு வீட்டில் விட்டார். மூன்று மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கு அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். அந்த மாமி பள்ளிக்கூடம் அதிகம் படித்தவர் அல்ல. வைத்தியம் தெரிந்தவரும் அல்ல. தாமதிக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லாத் தோட்டத்திலும் அப்படி ஒரு மாமி இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சில விஷயங்களை நாம் கேட்கிறோம்.

தோட்ட நிர்வாகங்களிடம்: ஒவ்வொரு டிவிஷனிலும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசரத்துக்கு ஓடும் வாகனம் ஒன்றும், அதன் சாரதியின் தொலைபேசி இலக்கமும் பெரட்டுக் களத்தில் எழுதிப் போடப்பட வேண்டும். துரையின் அனுமதிக்காக உயிர் காத்திருக்கக் கூடாது. நஞ்சுண்டவரோடு வைத்தியசாலைக்குப் போகும் ஒருவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. புல் மருந்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் நிலை எங்கும் இருக்கக் கூடாது, அது ஸ்டோரில் பூட்டுக்குள் இருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் குளிசையைக் கைநிறையக் கொடுத்து அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். மாதக் கணக்காக இடுப்பு நோவோடு வருகிறவரை ஒரு வைத்தியரிடம் அனுப்புங்கள். நோவுக்குக் காரணம் கூடையும் சரிவும் நிறையும் என்றால் அதைப் பேச நாங்கள் தயார்.

அரசாங்கத்திடம்: மலையகத்தை அடுத்த ஆதார வைத்தியசாலைகளில் என்.ஏ.சி. எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் நஞ்சுண்டவரை உடனடியாக அனுப்பும் பயிற்சி வேண்டும். இரவு நேரத்தில் தமிழில் பேசும் ஒருவர் வார்டில் வேண்டும். எத்தனை மணிக்கு விழுங்கினாய் என்ற கேள்வியே பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் வைத்தியம் எப்படி நடக்கும்? குளிசையை எவ்வளவு விற்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வேண்டும். பிரித்தானியாவில் 1998இல் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 குளிசை, பாமசியில் 32 என்று கட்டுப்படுத்தினார்கள். அடுத்த பதினொரு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரசிட்டமோலால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 43 வீதம் குறைந்தன. கிருமிநாசினியைத் தடை செய்து உலகத்துக்கு வழி காட்டிய நாடு இதையும் செய்யலாம்.

தோட்டத்துக் கடைக்காரர்களிடம்: சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தொடங்கலாம். பாடசாலைப் பிள்ளை வந்து அட்டை அட்டையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு குளிசை கொடுத்து, "அம்மாவை வரச்சொல்" என்று அனுப்புங்கள்.

கடைசியாக நம்மிடம். நம் தோட்டக் கமிட்டிகளும் மாதர் அணியும் இந்த விஷயத்தில் குற்றமற்றவை என்று சொல்ல முடியாது. "தோட்டத்துப் பேர் கெட்டுப்போகும்" என்று மூடி மறைக்க உதவிய தலைவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். இனி அது வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், இரவில் கதவைத் தட்டக்கூடியவர்கள் என்று கமிட்டி தெரிந்தெடுத்து அறிவிக்கட்டும். வீட்டில் குளிசைகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதையும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில், முடிந்தால் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பூட்டு ஆத்திரத்துக்கும் கைக்கும் இடையில் பத்து நிமிடத்தை வாங்கிக் கொடுக்கும்.

பிழைத்து வந்தவரை எப்படி நடத்துகிறோம் என்பதும் நம் கையில்தான். "நடிப்பு", "மிரட்டல்", "குடும்ப மானத்தை வாங்கிட்டா" என்ற பேச்சு நிற்கட்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் மனநல வைத்தியர் பேச வேண்டும் என்றால் பைத்தியம் என்று பொருள் அல்ல. குடிகாரக் கணவனின் அடி, வட்டிக்கு வாங்கிய கடன், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்புவார்கள் என்ற பயம், இப்படி ஒரு காரணம் அந்தக் குளிசைக்குப் பின்னால் இருக்கும். அதைக் கேட்டறிந்தால்தான் அது மறுபடி நடக்காமல் தடுக்கலாம். மனம் உடைந்து போயிருப்பவர்கள், அல்லது அப்படி ஒருவரைப் பார்த்துக் கலங்கி நிற்பவர்கள், 1926 (தேசிய மனநல நிறுவனம்) இலக்கத்துக்கோ 1333 இலக்கத்துக்கோ அழைத்துப் பேசலாம். பேச யாரும் இல்லை என்றால் நம் சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ வாருங்கள். நாங்கள் ஏசமாட்டோம், ஊருக்குச் சொல்லமாட்டோம்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மடித்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1990 என்ற இலக்கத்தை லயத்துச் சுவரில் கரியால் பெரிதாக எழுதுங்கள். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை எடுங்கள், உங்கள் டிவிஷனில் இரவில் ஓடும் வாகனம் எது, சாரதி யார் என்று பதில் கிடைக்கும்வரை கூட்டத்தை முடிக்காதீர்கள். பதில் கிடைக்காத தோட்டங்களின் பெயரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். நிர்வாகத்தோடு பேசும் மேசைக்கு அந்தப் பட்டியலோடு போக நாங்கள் தயாராக இருக்கிறோம்.